அடைப்புக்குறிக்குள் ஒரு லேப்டாப்

கேள்வி: மேடம், கோவையில் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். வேலைக்குப் போவதற்குள் நல்ல கிரெடிட் ஸ்கோர் இருந்தால் பின்னாடி வீட்டுக் கடன் சுலபம் என்று சீனியர்கள் சொன்னார்கள். அதனால் போன வருடம் வங்கியில் ₹20,000 எஃப்.டி., அதாவது நிரந்தர வைப்பு, போட்டு, அதன் மேல் ஒரு கிரெடிட் கார்டு வாங்கினேன். லிமிட் ₹18,000. மாதம் பதினைந்தாயிரம் வரை ஓடும். அதில் பாதிக்கு மேல் ஹாஸ்டல் நண்பர்கள் வாங்குவது. அவர்கள் ஜிபேயில் அனுப்பிவிடுவார்கள். ஒரு மாதம் இரண்டு பேர் தரத் தாமதமானதால் மினிமம் டியூ மட்டும் கட்டினேன். கல்விக் கடன் ₹3 லட்சம் இருக்கிறது, அம்மாவும் அதில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். (எஃப்.டி. பணம் லேப்டாப் வாங்க அம்மா சீட்டு எடுத்துக் கொடுத்தது. பழையதே ஓடுவதால் வாங்கவில்லை. வாங்கிவிட்டதாக அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.) அம்மா திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறார். ஸ்கோர் இப்போது 738. இதை 780-க்கு மேல் கொண்டுபோக என்ன செய்ய வேண்டும்?
– பெயர் வேண்டாம், கோவை.

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். லிமிட், ஸ்கோர், கல்விக் கடன் எல்லாவற்றையும் தெளிவாக எழுதியிருக்கிறீர்கள். அம்மாவின் பணம் மட்டும் அடைப்புக்குறிக்குள் போயிருக்கிறது. ஏதோ பக்கத்து வீட்டு விஷயம் போல மூன்று வரி. எனக்கு வந்த கடிதம் அந்த மூன்று வரிதான். மற்றதற்குப் பதில் எந்த வங்கிக் கிளையிலும் கிடைக்கும்.

எந்தச் சீட்டு, எவ்வளவு தள்ளி, அதாவது எவ்வளவு விட்டுக்கொடுத்து, எடுத்தார் என்று நீங்கள் எழுதவில்லை. கேட்டிருக்கவும் மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். இருபத்தைந்தாயிரம் ரூபாய் ஏலச் சீட்டை முதல் சில மாதங்களிலேயே எடுக்க வேண்டும் என்றால் நாலாயிரம், ஐந்தாயிரம் தள்ளினால்தான் கைக்கு வரும். அப்படி எடுத்தவர் அதற்கப்புறம் சீட்டு முடியும்வரை மாதாமாதம் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு மாதம் பிந்தினால் சீட்டுப் பிடிக்கும் அக்கா வாசலில் வந்து நிற்பார். நான்கு பேர் பார்ப்பார்கள். இந்த அவமானத்துக்குப் பயந்தே, அரிசி வாங்குவதைத் தள்ளிப்போட்டாவது சீட்டுப் பணத்தை எடுத்து வைக்கும் பெண்களை எனக்குத் தெரியும். உங்கள் அம்மாவும் இந்த நேரத்தில் அந்தச் சீட்டைக் கட்டிக்கொண்டிருக்கிறார் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

செக்கிங் வேலையை நீங்கள் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா? டியூப் லைட்டுக்குக் கீழே மேசை. மேசை மேல் மலை போல பீஸ்கள். ஒவ்வொன்றையும் விரித்து, ஓட்டை இருக்கிறதா, எண்ணெய்க் கறை இருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா என்று பார்த்து, திருப்பிப் போட்டு மறுபடி பார்க்க வேண்டும். ஆர்டர் நெருக்கடி என்றால் ஒரு ஷிஃப்ட் ஒன்றரை ஷிஃப்ட்டாகும். கண் எரியும், கால் மரத்துப் போகும். நாள் முழுக்க அடுத்தவர் தைத்ததில் ஓட்டை தேடும் அந்தக் கண்ணுக்கு முன்னால்தான் இல்லாத லேப்டாப்பை இருக்கிறது என்று சொல்லியிருக்கிறீர்கள். நீங்கள் ஊருக்குப் போனபோது ஒருமுறைகூட, “புதுசைக் காட்டு கண்ணு” என்று அவர் கேட்கவில்லையா? கேட்டிருந்தால் என்ன சொன்னீர்கள்? ஹாஸ்டலில் வைத்துவிட்டு வந்தேன் என்றா?

பழைய லேப்டாப்பே போதும் என்று நினைத்ததில் தப்பில்லை. நல்ல யோசனைதான். அதை அம்மாவிடம் சொல்லிப் பணத்தைத் திருப்பித் தந்திருந்தால் உங்களைத் தலையில் வைத்துக் கொண்டாடியிருப்பேன். ஒரு காரணம் சொல்லி வாங்கிய பணத்தை இன்னொன்றில் போட்டு, அதை மறைத்தும் வைத்தால் அதற்கு நம் ஊரில் என்ன பெயர் என்று உங்களுக்கே தெரியும்.

இப்போது அந்தப் பணத்தின் நிலைமையைப் பாருங்கள். எஃப்.டி. உங்கள் பெயரில் இருக்கிறது, ஆனால் உங்கள் கையில் இல்லை. கார்டுக்கு அது அடமானம். நீங்கள் கட்டாமல் விட்டால் வங்கி எஃப்.டி.யை உடைத்து பாக்கியை எடுத்துக்கொள்ளும். ஹாஸ்டலில் இரண்டு பையன்கள் பணம் தராமல் இழுத்தடித்தால் கரைவது உங்கள் அம்மாவின் சீட்டு. அவர் இதுவரை பார்த்தேயிராத பையன்களுக்கு, அவருக்கே தெரியாமல், அவரை ஜாமீன் நிற்க வைத்திருக்கிறீர்கள். கார்டு உங்களுக்காகக் கொடுக்கப்பட்டது. அடுத்தவர் தேய்ப்பதற்கு அதை நீட்டுவதை இன்றோடு நிறுத்துங்கள். நட்பு முறியும் என்றால் முறியட்டும்.

மினிமம் டியூ கட்டியது ஒரு மாதம்தானே என்பது போல எழுதியிருக்கிறீர்கள். பில் ₹15,000 என்று வைத்தால், கட்டியே ஆக வேண்டிய மினிமம் ஐந்து சதவீதம், ₹750. மீதி ₹14,250-க்கு மாதம் 3.5 சதவீதம் என்றால் வட்டி சுமார் ₹500. அதற்கு மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி., இன்னொரு ₹90. வருஷக் கணக்கில் இது 42 சதவீத வட்டி. இதோடு முடியவில்லை. முழு பில்லையும் கட்டாத மாதத்தில் வட்டியில்லாத நாட்கள் போய்விடும், புதிதாக வாங்குவதற்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். அந்த ₹590-ஐ அம்மாவின் ஒரு ஷிஃப்ட் கூலிக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு வருடம் முழுக்க எஃப்.டி.க்கு வரும் வட்டியே ஆயிரத்துச் சொச்சம்தான். அதில் பாதியை ஒரே மாதத்தில் விட்டிருக்கிறீர்கள்.

மினிமம் கட்டிவிட்டால், நம் கடன் வரலாற்றைப் பதிந்து ஸ்கோர் போடும் சிபில் நிறுவனத்தின் ரிப்போர்ட்டில் தாமதம் என்று ஏறாது. அதனால்தான் பிள்ளைகள் அதை ஒன்றும் ஆகாத விஷயமாக நினைத்துக்கொள்கிறார்கள். ஸ்கோர் அப்படியே நிற்கும், பணம் மட்டும் போய்க்கொண்டே இருக்கும். இந்தக் கதையோடு வேலைக்குச் சேர்ந்து, முதல் சம்பளத்திலிருந்தே வட்டி கட்டிக்கொண்டிருக்கும் பிள்ளைகளின் கடிதங்கள் எனக்கு நிறைய வருகின்றன.

சரி, ஸ்கோர் கேட்டீர்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். சிபில் ஸ்கோர் 300-லிருந்து 900 வரை. உங்கள் 738 மோசமில்லை. அது ஏறாமல் நிற்பதற்கு உங்கள் கடிதத்திலேயே ஒரு காரணம் தெரிகிறது: ₹18,000 லிமிட்டில் ₹15,000 செலவு. அதாவது எண்பது சதவீதத்துக்கு மேல். முப்பது சதவீதத்துக்குள் இருப்பது நல்லது என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. உங்களுக்கு அது ஐயாயிரத்துச் சொச்சம். நண்பர்கள் விலகினாலே கிட்டத்தட்ட அங்கே வந்துவிடுவீர்கள். ஆட்டோ டெபிட் போடும்போது மொத்த பாக்கி என்பதைத் தேர்ந்தெடுங்கள், மினிமம் என்பதை அல்ல. கார்டை ஏடிஎம்மில் மட்டும் செருகாதீர்கள். அங்கே முதல் நாளிலிருந்தே வட்டி, கட்டணம் தனி. ரிசர்வ் வங்கி விதிப்படி சிபில் போன்ற ஒவ்வொரு கிரெடிட் தகவல் நிறுவனமும் வருடத்துக்கு ஒருமுறை முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும். வாங்கிப் படியுங்கள்.

படித்தால் அதில் ஒன்று தெரியும். உங்கள் கல்விக் கடன் ஏற்கெனவே அங்கே இருக்கிறது. கடன் வரலாறு உங்களுக்குத் தொடங்கிவிட்டது, கார்டு இல்லாமலே. படிப்பு முடிந்து தவணை ஆரம்பித்ததும் ஒரு தேதி தவறாமல் கட்டினால், வீட்டுக் கடன் கொடுப்பவர் பார்க்கும் நல்ல சாட்சி அதுதான். அதில் பிந்தினால் அம்மாவின் பெயரிலும் அதே கறை விழும், ஏனென்றால் அவரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார். மாதாமாதம் கட்டியது, பிந்தியது எல்லாம் ரிப்போர்ட்டில் 36 மாதம் வரை வரிசையாக நிற்கும். உங்களுக்கு வங்கி வேலை ஆசை இருந்தால் இதையும் கேளுங்கள்: கடனையும் கார்டு பாக்கியையும் ஒழுங்காகக் கட்டாத ஒருவரின் நியமனத்தை ஸ்டேட் வங்கி ரத்து செய்தது சரிதான் என்று 2025-ல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது.

அந்த சீனியர்களிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். முதல்முறை கடன் கேட்பவரை, கடன் வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2025 ஜனவரியில் வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது. மாணவனாக இருக்கும்போதே ஸ்கோர் கட்டாவிட்டால் வாழ்க்கை போய்விடும் என்ற பயம் யாரோ கிளப்பிவிட்டது. அந்தப் பயத்தில்தான் அம்மாவிடம் பொய் சொல்லியிருக்கிறீர்கள்.

கார்டே கூடாது என்று சொல்லும் கட்சி இல்லை நான். ஒழுங்காக வைத்துக்கொண்டால் எஃப்.டி. மேல் வாங்கும் கார்டு மாணவனுக்கு நல்ல பயிற்சிதான். ஆனால் குடும்பத்தில் ஒருவர் கடன் வாங்கினால் வீட்டுக்குத் தெரிய வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. இருபது வயது ஆகிவிட்டது, என் பணம், என் கார்டு என்று நீங்கள் சொல்லலாம். உங்கள் சம்பளத்தில் போட்ட எஃப்.டி. என்றால் நானும் வாயை மூடிக்கொள்வேன். இது அவர் பணம். வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று முடிவு செய்யும் உரிமை அவருக்கு.

எனவே இந்த வாரமே திருப்பூருக்கு பஸ் ஏறுங்கள். சனிக்கிழமை இரவு வேண்டாம். சம்பளம் வாங்கி, மளிகை பாக்கி தீர்த்து, அசந்து போய் உட்கார்ந்திருப்பார். ஞாயிற்றுக்கிழமை காலை, அவர் தலைக்கு ஊற்றிவிட்டு முடி காய வைத்துக்கொண்டு உட்காரும் நேரம் பார்த்துச் சொல்லுங்கள். போனில் சொல்லித் தப்பிக்காதீர்கள். எஃப்.டி. எவ்வளவு, கார்டில் இன்று பாக்கி எவ்வளவு, மினிமம் கட்டியதில் எவ்வளவு போனது என்று ஒரு தாளில் தமிழில் எழுதி அவர் கையில் கொடுங்கள். சீட்டுக்கு இன்னும் எத்தனை மாதம் பாக்கி என்று அவரிடம் கேட்டு, அதையும் அந்தத் தாளிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

கார்டை முடித்துவிடு என்று சொன்னால் மறுபேச்சு வேண்டாம். பாக்கியை முழுதாகக் கட்டி விண்ணப்பம் கொடுத்தால் ஏழு வேலை நாளுக்குள் வங்கி கார்டை மூட வேண்டும், பிந்தினால் நாளுக்கு ₹500 உங்களுக்குத் தர வேண்டும் என்பது விதி. அப்புறம் எஃப்.டி.யை எடுத்து அவர் கையில் கொடுங்கள், சீட்டுக்குக் கட்டிக்கொள்வார். ஸ்கோர் கொஞ்சம் இறங்கலாம். இறங்கட்டும். இருக்கட்டும், வைத்துக்கொள் என்று சொன்னால், மாதம் ஒருமுறை பில்லை அவருக்குப் படித்துக் காட்டுங்கள்.

திட்டுவார். அழவும் செய்வார். நீங்கள் பேசாமல் உட்கார்ந்திருங்கள். போகும்போது அந்தப் பழைய லேப்டாப்பைப் பையில் எடுத்துப் போங்கள். அதைத்தான் முதலில் அவர் முன்னால் எடுத்து வைக்க வேண்டும்.