புனல் மின்சாரம்: யூனிட்டுக்கு விலையா, நேரத்துக்கு விலையா?

நீர்மின் திட்டங்கள் குறித்து வந்த கடிதங்களில் ஒரே பொருளைத் தொடுபவற்றைச் சேர்த்துச் சுருக்கி, இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: ஆற்று நீரில் எடுக்கும் மின்சாரம் புதுப்பிக்கத்தக்கது என்று பள்ளிப் பாடத்திலேயே படித்தோம். அப்படியிருக்க, 2019-ல் மத்திய அரசு அதைத் தனியாக அறிவிக்க வேண்டிய தேவை என்ன? (ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், மேட்டூர்)

பாடப்புத்தகம் சொன்னது சரிதான். ஆனால் அரசுக் கோப்பில் 25 மெகாவாட் என்று ஒரு கோடு இருந்தது. அந்தக் கோட்டுக்குள் அடங்கும் சிறு நிலையங்கள் மட்டுமே புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகத்தின் பொறுப்பிலும் அதன் சலுகைகளுக்கு உள்ளும் வந்தன. அதற்கு மேற்பட்டவை மின்துறை அமைச்சகத்தின் கீழ் அனல் நிலையங்களோடு வைத்து எண்ணப்பட்டன. மின் விநியோக நிறுவனங்கள் ஆண்டுதோறும் இத்தனை விழுக்காடு பசுமை மின்சாரம் வாங்கியாக வேண்டும் என்ற கட்டாயம் வந்தபோது, பெரிய அணைகளின் மின்சாரம் அந்தக் கணக்கில் சேரவில்லை. எனவே சூரிய மின்சாரத்தை வாங்க விநியோக நிறுவனங்களுக்குச் சட்டத்தின் நிர்ப்பந்தம் இருந்தது. புதிய நீர்மின் நிலையத்தின் விலை கூடிய மின்சாரத்தை வாங்க எந்த நிர்ப்பந்தமும் இல்லை.

2019 மார்ச் மாத ஆணை இதை மாற்றியது. 25 மெகாவாட்டுக்கு மேற்பட்ட நிலையங்களும் புதுப்பிக்கத்தக்கவை ஆயின. நீர்மின்சாரத்துக்கெனத் தனிக் கொள்முதல் கடமை உருவானது. கட்டணக் கணக்கில் நிலையத்தின் ஆயுளை 40 ஆண்டுகளாகவும், கடன் தீர்க்கும் காலத்தை 18 ஆண்டுகளாகவும் நீட்டி, தொடக்கத்தில் குறைவாக இருந்து ஆண்டுக்கு 2 விழுக்காடு ஏறும் கட்டணத்துக்கு வழி செய்யப்பட்டது. மலைக்குள் சாலையும் பாலமும் அமைக்கும் செலவில் மத்திய அரசு பங்கேற்கும் ஏற்பாடும் அப்போதுதான் வந்தது. 2024 செப்டம்பரில் அந்த உதவி மின்தொடர் பாதை, கம்பிவடப் பாதை போன்றவற்றுக்கும் விரிவாக்கப்பட்டு, 12,461 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது.

இவற்றுள் கட்டணத்தை நீட்டும் ஏற்பாட்டை மட்டும் நான் முழு மனத்தோடு வரவேற்கவில்லை. முதல் ஆண்டுக் கட்டணத்தைக் குறைத்துக் காட்டுகிறதே ஒழிய, செலவு எங்கும் போய்விடவில்லை. நீர்மின் நிலையத்துக்கு எரிபொருள் செலவு கிடையாது. அதன் கட்டணம் பெரும்பாலும் முதலீடும் வட்டியும்தான். ஆகவே உண்மையில் விலையைக் குறைக்க வேண்டுமானால் கட்டுமானத் தாமதத்தைக் குறைத்தாக வேண்டும். அசாம்-அருணாசல எல்லையிலுள்ள 2000 மெகாவாட் கீழ் சுபன்சிரித் திட்டப் பணி 2005-ல் தொடங்கி, 2011-ல் போராட்டத்தால் நின்று, 2019-ல்தான் மீண்டும் தொடங்கியது. 6,285 கோடி என்று மதிப்பிடப்பட்ட செலவு 20,000 கோடியைத் தாண்டிவிட்டது. 40 ஆண்டு ஆயுளும் 2 விழுக்காடு ஏற்றமும் இந்தத் தொகையை ஒரு ரூபாய்கூடக் குறைப்பதில்லை.

கேள்வி: நீரேற்று மின்நிலையம் உற்பத்தி செய்வதைவிட அதிக மின்சாரத்தைச் செலவழிக்கிறது என்கிறார்கள். நஷ்டத்தில் ஓடும் ஒன்றுக்கு அரசு ஏன் இத்தனை சலுகை தருகிறது? எங்கள் மின்கட்டணத்தில்தானே இது வந்து விடியும்? (நூற்பாலை உரிமையாளர், திருப்பூர்)

நீங்கள் கேள்விப்பட்டது உண்மை. மின்சாரம் உபரியாக இருக்கும்போது கீழ்த் தேக்கத்து நீரை மேல் தேக்கத்துக்கு ஏற்றி, தேவைப்படும்போது அதை இறக்கி மின்சாரம் எடுப்பதுதான் நீரேற்று நிலையத்தின் வேலை. நல்ல நிலையில் இயங்கும் நிலையத்தில்கூட மேலே ஏற்ற 100 யூனிட் செலவானால், கீழே விடும்போது 75 முதல் 80 யூனிட்தான் திரும்பக் கிடைக்கும். யூனிட்டை மட்டும் எண்ணினால் இது நஷ்டக் கணக்கு. ஆனால் பிற்பகல் ஒரு மணியின் யூனிட்டும் இரவு ஏழு மணியின் யூனிட்டும் ஒரே விலைச் சரக்கு அல்ல. 2023-ல் திருத்தப்பட்ட மின்நுகர்வோர் உரிமை விதிகளே இதை ஒப்புக்கொண்டு, சூரிய ஒளி மிகுந்த நேரத்தில் கட்டணம் வழக்கத்தைவிட 20 விழுக்காடாவது குறைவாகவும், வணிக, தொழில் நுகர்வோருக்கு உச்சநேரத்தில் 20 விழுக்காடாவது கூடுதலாகவும் இருக்க வேண்டும் என்கின்றன. காற்றாலையும் சூரிய மின்தகடும் நிறைந்த நம் மாநிலத்தில், வாங்க ஆளில்லாமல் உற்பத்தியைக் குறைக்கச் சொல்லும் பகல்களும் உண்டு. மாலையில் சந்தையில் உச்ச விலை கொடுத்து வாங்கும் நேரங்களும் உண்டு. இந்த இரண்டுக்கும் நடுவிலான விலை வேறுபாடு, போகும் 20, 25 யூனிட்டை ஈடுகட்டிவிட்டால் நிலையம் லாபத்தில் இருக்கிறது. ஈடுகட்டாவிட்டால் உங்கள் அச்சம் நியாயமானதே.

இதை நாம் புதிதாகக் கற்கவில்லை. ஆனைமலைப் பகுதியில், நிலத்துக்கு அடியில் குடையப்பட்ட காடம்பாறை நிலையம் 1980-களின் இறுதியிலிருந்து இயங்குகிறது. நூறு மெகாவாட் திறனுள்ள நான்கு இயந்திரங்கள். அதே இயந்திரம் ஒரு திசையில் சுழன்றால் டர்பைன், எதிர்த்திசையில் சுழன்றால் பம்பு. மேலே காடம்பாறை அணை, கீழே மேல் ஆழியாறு. அன்று அனல் நிலையங்கள் நள்ளிரவில் தரும் உபரியை நம்பிக் கட்டப்பட்ட அது, இன்று நண்பகல் உபரிக்கும் அதே வேலையைச் செய்ய முடியும். நீலகிரியில் 500 மெகாவாட் குந்தா நீரேற்றுத் திட்டம் போர்த்திமந்து அணையை மேல் தேக்கமாகவும் அவலாஞ்சி-எமரால்டு அணைகளைக் கீழ்த் தேக்கமாகவும் கொண்டு கட்டப்படுகிறது. அணைகள் ஏற்கெனவே இருப்பவை என்பது அதன் பெரிய பலம்.

மத்திய அரசு 2023 ஏப்ரலில் வெளியிட்ட நீரேற்றுத் திட்ட வழிகாட்டுதல்கள், இடம் ஒதுக்கும்போது மாநிலங்கள் முன்பணம் கேட்கக் கூடாது என்றும், வழக்கமான நீர்மின் திட்டங்களைப் போல இலவச மின்சாரம் கேட்கக் கூடாது என்றும் கூறின. ஏற்றிய நீரையே திரும்ப இறக்கும் நிலையம் ஆற்றிலிருந்து புதிதாக எதையும் சம்பாதிப்பதில்லை என்பதால் இது சரியான முடிவு. மாநிலங்களுக்கிடையிலான மின்தொடர் கட்டண விலக்கு, 2028 ஜூன் இறுதிக்குள் கட்டுமானப் பணி ஆணை வழங்கப்படும் நீரேற்றுத் திட்டங்களுக்கு உண்டு. ஆனால் தமிழ்நாட்டில் உற்பத்தியாகித் தமிழ்நாட்டிலேயே விற்கும் மின்சாரம் அந்தப் பாதையில் ஏறுவதே இல்லை என்பதால், இங்குள்ள ஆலைகளுக்கு அந்தச் சலுகையால் பெரிய பயன் விளையாது. 2024-ல் மாநில அரசு தன் சொந்த நீரேற்றுத் திட்டக் கொள்கையைக் கொண்டுவந்ததற்குத் தேவை இங்கேதான் இருக்கிறது.

எச்சரிக்கையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். சர்தார் சரோவரில் 1200 மெகாவாட் அளவுக்கு இருதிசை இயந்திரங்கள் பொருத்தப்பட்டன. கீழ்த் தேக்கம் உரிய காலத்தில் அமையாததால், பல்லாண்டுகள் அவை நீரை மேலேற்றவே இல்லை. குஜராத்தின் கடானாவிலோ அதிர்வுக் கோளாறால் ஏற்றும் பணி நின்றது. நாட்டின் நீரேற்றுத் திறன் என்று அறிக்கைகளில் படிக்கும் எண்ணில் இத்தகைய நிலையங்களும் அடங்கும். மின்கலத் தொகுப்புகளின் விலை சரிந்துவரும் இந்த வேளையில், இரண்டு மணி நேரத் தேவைக்கு மின்கலமே மலிவாகலாம். ஆறு, எட்டு மணி நேரம் தாங்க வேண்டிய தேவைக்கும் நாற்பது ஆண்டு உழைப்புக்கும் மலையும் நீரும்தான் பொருத்தம் என்பது என் கணிப்பு. உங்கள் கட்டணத்தை முடிவு செய்யப் போவது, மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம் இவ்விரண்டையும் எந்த அளவில் கலந்து வாங்க அனுமதிக்கிறது என்பதே. அதன் பொது விசாரணைகளுக்குத் தொழில் அமைப்புகள் எழுத்து வடிவில் கருத்து அனுப்பலாம். உங்கள் சங்கமும் தவறாமல் அனுப்பட்டும்.

கேள்வி: எங்கள் ஊர் வழியாகப் பாசனக் கால்வாய் செல்கிறது. ஓரிடத்தில் ஆளுயரத்துக்கு மேல் நீர் விழுகிறது. நாங்கள் சிலர் சேர்ந்து சிறு நீர்மின் நிலையம் அமைக்க இயலுமா? (விவசாயி, கோபிசெட்டிபாளையம்)

இயலும். ஆனால் முதலில் பென்சிலை எடுத்துக் கணக்குப் போடுங்கள். 400 மீட்டர் உயரமுள்ள மலைக் குழாயில் 1000 லிட்டர் நீர் இறங்கினால் ஏறத்தாழ ஒரு யூனிட் கிடைக்கும். உங்கள் கால்வாயில் வீழ்ச்சி 4 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் அதே ஒரு யூனிட்டுக்கு ஒரு லட்சம் லிட்டருக்கு மேல் வேண்டும். விநாடிக்கு 350 கன அடி ஓடினால் சுமார் 300 கிலோவாட் எடுக்கலாம். கீழ்பவானிப் பாசனத்தில் ஒரு போகத்துக்குப் பொதுவாக 120 நாட்கள் நீர் திறக்கிறார்கள். அத்தனை நாளும் குறையாமல் ஓடினால் எட்டரை லட்சம் யூனிட் அளவுக்கு வரும். முறைவைத்து விடும் ஆண்டில் அது பாதியாகவும் ஆகலாம். வங்கி மேலாளரிடம் போகும்போது நல்ல ஆண்டின் கணக்கைக் கொண்டுபோகாமல், கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளின் நீர்த்திறப்புப் பதிவுகளைக் கொண்டுபோங்கள்.

மாநில அரசின் 2024-ஆம் ஆண்டுச் சிறு நீர்மின் கொள்கை 100 கிலோவாட் முதல் 10 மெகாவாட் வரையிலான திட்டங்களைத் தனியாருக்குத் திறந்துவிட்டுள்ளது. சொந்தப் பயன்பாட்டுக்கோ மூன்றாம் தரப்புக்கோ மின்சாரத்தைக் கொடுக்கலாம். கால்வாய் நீர்வளத்துறையின் சொத்து என்பதால் அதன் ஒப்புதல் இன்றி ஒரு கல்லையும் நகர்த்த முடியாது. பாசனத்துக்கே முன்னுரிமை, மின்சாரத்துக்காக மதகைத் திறக்கச் சொல்லும் உரிமை உங்களுக்கு இல்லை என்பதை ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் நன்றாக மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அருகிலுள்ள துணைமின் நிலையம் எத்தனை கிலோமீட்டர் என்பதையும் அளந்துவிடுங்கள். சிறு திட்டங்கள் பலவற்றை வீழ்த்துவது டர்பைன் செலவைவிடக் கம்பி இழுக்கும் செலவுதான்.

கேள்வி: 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியதை நேரில் கண்டவள் நான். அதே மலையில் குந்தா நீரேற்றுத் திட்டத்துக்காகச் சுரங்கப்பாதை குடைகிறார்கள். அனுமதிகளை எளிமையாக்குகிறோம் என்பதன் பெயரில் பாதுகாப்பைத் தளர்த்துகிறார்களா? (பள்ளி ஆசிரியை, உதகமண்டலம்)

கேட்க வேண்டிய கேள்வி. 2003 மின்சாரச் சட்டம் அனல் நிலையம் அமைக்க உரிமம் தேவையில்லை என்று விட்டபோதும், நீர்மின் நிலையத்துக்கு 8-ஆம் பிரிவில் தனிக் கடிவாளம் இட்டது. அரசு நிர்ணயிக்கும் தொகைக்கு மேல் முதலீடு உள்ள திட்டம் மத்திய மின்சார ஆணையத்தின் இசைவைப் பெற வேண்டும். அந்த இசைவைத் தருமுன், குடிநீர், பாசனம், வெள்ளத் தடுப்பு ஆகியவற்றோடு ஒத்துப்போகும் வகையில் ஆற்றின் முழுப் பயன் கெடாமல் இருக்கிறதா என்றும், அணையின் வடிவமைப்பும் பாதுகாப்பும் உரிய நெறிகளின்படி உள்ளனவா என்றும் ஆணையம் பார்க்க வேண்டும். இதற்கு மேல் 2006-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படியான அனுமதி, காட்டு நிலமானால் 1980-ஆம் ஆண்டு வனச் சட்டத்தின்படியான அனுமதி, கட்டிய பிறகு 2021-ஆம் ஆண்டு அணைப் பாதுகாப்புச் சட்டம்.

ஆற்றோட்டத்தைத் தொடாமல், இரண்டு செயற்கைத் தேக்கங்களுக்கு இடையே மட்டும் நீர் போய்வரும் நீரேற்றுத் திட்டங்களுக்கு மட்டும் சில நடைமுறைகளைக் குறைத்திருக்கிறார்கள். வறண்ட கரட்டு நிலத்திலோ கைவிட்ட சுரங்கக் குழியிலோ அமைந்தால் அதில் தவறு காண மாட்டேன். நீலகிரியில் திட்டமிடப்படும் மேல்பவானி போன்றவற்றை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. அங்கே தேக்கம் பழையது என்றாலும், குகைப் பாதையும் மண் கொட்டும் இடமும் அணுகு சாலையும் சோலைக் காடுகளின் நடுவே வருகின்றன. பழைய அணை இருப்பதாலேயே புதிய பாதிப்பு இல்லை என்ற வாதத்தை ஏற்க நான் தயாராக இல்லை.

பெருமழையைப் பொறுத்தவரை, சிக்கிமில் 2023 அக்டோபர் 4 அதிகாலையில் நடந்ததே போதிய பாடம். தெற்கு லோனாக் பனியேரி உடைந்து வந்த வெள்ளம், 1200 மெகாவாட் டீஸ்டா-3 திட்டத்தின் சுங்தாங் அணையை அடித்துச் சென்றது. நம் மலைகளில் பனியேரி இல்லை. ஆனால் மதகுகள் எத்தனை பெரிய வெள்ளத்தைத் தாங்கும் என்று கணிக்கப்பட்டனவோ, அந்தக் கணிப்பு 2019 போன்ற மழைக்கு முந்தைய பதிவுகளைக் கொண்டது என்பது நமக்கும் பொருந்தும். தன் வரம்புக்குள் வரும் ஒவ்வொரு அணைக்கும் அவசரகாலச் செயல்திட்டம் வகுக்க வேண்டும் என்று அணைப் பாதுகாப்புச் சட்டம் உரிமையாளரைக் கட்டாயப்படுத்துகிறது. எமரால்டுக்குக் கீழே வாழ்பவர்களுக்கு அது தமிழில் கிடைக்கிறதா என்று உங்கள் ஊராட்சி மூலம் எழுதிக் கேளுங்கள்.

கேள்வி: இமாச்சலப் பிரதேசம் போலத் தமிழ்நாடும் நீர்மின் நிலையங்கள் மீது தண்ணீர் வரி விதிக்கலாமா? (சட்டக் கல்லூரி மாணவர், மதுரை)

இமாச்சலத்தின் 2023-ஆம் ஆண்டுச் சட்டத்தை அம்மாநில உயர் நீதிமன்றம் 2024 மார்ச்சில் ரத்து செய்துவிட்டது. பெயர் தண்ணீர் வரியானாலும், வரி விழுவது மின்உற்பத்தி மீது. அதற்கு மாநிலச் சட்டமன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்பதே வாதத்தின் சாரம். மத்திய மின்துறை அமைச்சகமும் 2023 அக்டோபரில் மாநிலங்களுக்கு இதையே எழுதியது. நம் மாநிலத்தில் பெரும்பாலான நிலையங்கள் அரசு நிறுவனத்துக்கே சொந்தம். வரி போட்டாலும் அரசு தன் ஒரு பையிலிருந்து மறு பைக்கு மாற்றுவதாகத்தான் இருக்கும்.

கேள்வி: கோவையில் பம்பு உற்பத்திப் பட்டறை வைத்திருக்கிறேன். நீர்மின் துறையில் எங்களைப் போன்ற சிறு தொழிலுக்கு இடம் உண்டா? (பட்டறை உரிமையாளர், கோவை)

பெரிய டர்பைன்களில் இடம் இல்லை. அது விரல்விட்டு எண்ணக்கூடிய நிறுவனங்களின் களம். உங்களுக்கு இரண்டு கதவுகள் திறந்திருக்கின்றன. ஒன்று, பழைய நிலையங்களின் புதுப்பிப்பு. 1932-ல் தொடங்கிய பைக்காராவிலிருந்து 1960-களின் குந்தா நிலையங்கள் வரை நம் மாநிலத்தின் 2,300 மெகாவாட்டுக்குச் சற்றே கூடுதலான நீர்மின் திறனில் பெரும்பகுதி அரை நூற்றாண்டைக் கடந்தது. தேய்ந்த சுழலி, கசியும் வால்வு, அடைப்பு வளையம், தாங்கி இவற்றுக்கான வேலை ஆண்டுதோறும் உண்டு. புதிய அணைக்கு வேண்டிய நிலமும் காடும் இதற்குத் தேவையில்லை என்பதால், நான் கொள்கை வகுப்பவனாக இருந்தால் முதல் ரூபாயை இங்கேதான் போடுவேன்.

மற்றொன்று, பம்பையே தலைகீழாக ஓட்டி டர்பைனாக்குவது. மலையிலிருந்து தன் எடையாலேயே இறங்கும் குடிநீர்க் குழாய்களில் அழுத்தத்தைக் குறைக்க வால்வு வைத்து ஆற்றலை வீணாக்குகிறார்கள். அந்த இடத்தில் பம்பைப் பொருத்தினால் குடிநீர் நிலையத்தின் விளக்குக்கும் குளோரின் கலக்கும் கருவிக்கும் வேண்டிய மின்சாரம் கிடைத்துவிடும். மாநிலத்தின் சிறு நீர்மின் கொள்கை 100 கிலோவாட்டுக்குக் கீழே இறங்கிவரவில்லை என்பதால், இப்போதைக்கு இதைச் சொந்தப் பயன்பாட்டுத் திட்டமாகவே விற்க முடியும். நீர் அளவு மாறினால் பம்பின் திறன் சட்டென்று விழுந்துவிடும். டர்பைனில் இருப்பது போல நீரைத் திருப்பும் தகடுகள் அதில் இல்லை. ஆகவே விலைப்பட்டியலோடு, எதிர்த்திசையில் ஓடும்போது எந்த அழுத்தத்தில் எவ்வளவு நீருக்கு எத்தனை வாட் வருகிறது என்ற சோதனை வரைபடத்தையும் இணைத்துக் கொடுங்கள். குடிநீர் வாரியப் பொறியாளர் முதலில் கேட்பது அதைத்தான்.