முதல் டிரையத்லானுக்கு 10 வாரம்தான் இருக்கிறது, நீச்சலில் மூச்சு வாங்குகிறது: பெயர் கொடுக்கலாமா?

கேள்வி: எனக்கு 38 வயது. வாரத்தில் மூன்று நாள் 5 கிலோமீட்டர் ஓடுகிறேன், சைக்கிளும் ஓட்டுவேன். நீச்சல் தெரியும், ஆனால் 25 மீட்டர் குளத்தில் நாலு நீளம் போனதும் மூச்சு வாங்கி நின்றுவிடுகிறேன். 10 வாரத்தில் ஒரு ஸ்பிரிண்ட் டிரையத்லான் வருகிறது. பெயர் கொடுக்கலாமா? என்னிடம் இருப்பது சாதாரண கியர் சைக்கிள், புதிதாக வாங்க வேண்டுமா?

பதில்: கொடுக்கலாம், ஆனால் ஒரு நிபந்தனை இருக்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறேன். சைக்கிள் வாங்க வேண்டாம்.

டிரையத்லான் என்பது நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் அடுத்தடுத்து ஒரே மூச்சில் முடிக்கும் போட்டி. அதில் ஸ்பிரிண்ட் என்றால் 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம். 2000-ல் சிட்னியில் முதன்முதலாக ஒலிம்பிக்கில் சேர்ந்த டிரையத்லானின் தூரத்தில் சரிபாதி. முதல் முறை வருகிறவர்கள் பெரும்பாலும் ஒன்றே கால் மணியிலிருந்து இரண்டு மணிக்குள் முடிப்பார்கள், அதில் ஏறக்குறைய பாதி நேரம் சைக்கிளின் மேல்தான் போகும், நீச்சல் 15 முதல் 25 நிமிடம் வரைதான். இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு எல்லாரும் சைக்கிளில் பணத்தையும் பயிற்சி நேரத்தையும் கொட்டுகிறார்கள். உங்கள் நிலையில் நான் அப்படிச் செய்ய மாட்டேன். தண்ணீரிலிருந்து மூச்சு இரைக்க வெளியே வருகிறவருக்கு அதற்குப் பிறகு வரும் ஒரு மணி நேரமும் கெட்டுப்போகும். நிதானமாக வெளியே வந்துவிட்டால் மீதி இரண்டும் உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த வேலை.

5 கிலோமீட்டர் ஓடுகிற ஒருவர் 100 மீட்டர் நீச்சலில் நின்றுபோகிறார் என்றால் அது உடம்பில் தெம்பு இல்லாததால் அல்ல, பெரும்பாலும் மூச்சு விடும் முறையால்தான். முகம் தண்ணீருக்குள் இருக்கும்போது மூச்சை அடக்கி வைத்துக்கொண்டு, தலையைத் திருப்பும் அந்தச் சின்ன இடைவெளியில் வெளியே விடுவதையும் உள்ளே இழுப்பதையும் சேர்த்துச் செய்யப் பார்ப்போம், இரண்டுமே அரைகுறையாகும். கார்பன் டை ஆக்சைடு உள்ளேயே தேங்குவதால்தான் அந்தத் திணறல். முகம் உள்ளே போனவுடனே மூக்கு வழியாகவும் வாய் வழியாகவும் விடாமல் குமிழி விட்டுக்கொண்டே இருங்கள், திரும்பும்போது இழுப்பது மட்டும்தான் வேலை என்று ஆகட்டும். இன்னொன்று, ஓட்டக்காரர்கள் தண்ணீரில் காலை ரொம்ப உதைப்பார்கள். கணுக்கால் இறுக்கமாக இருப்பதால் அந்த உதையில் வேகம் வராது, மூச்சு மட்டும் செலவாகும். உடம்பு நேராக மிதக்கும் அளவுக்கு மெல்ல அசைத்தால் போதும், அடுத்து வரும் இரண்டு பகுதிகளுக்கும் கால்தான் வேண்டும்.

வாரம் ஒரு முறை நீண்ட நேரம் நீந்துவதைவிட மூன்று முறை கொஞ்சம் கொஞ்சமாக நீந்துவது நல்லது. முதல் இரண்டு வாரம் 50 மீட்டரை எட்டுத் தடவை, நடுவே அரை நிமிட ஓய்வு, வேகத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம். அப்புறம் 100, அப்புறம் 200 என்று நீட்டிக்கொண்டே போய் ஆறாவது வாரக் கடைசியில் 750 மீட்டரை நிற்காமல் முடிக்கப் பாருங்கள். மூச்சுத் திணற ஆரம்பித்தால் நிறுத்தாமல் வேகத்தைக் குறையுங்கள், இந்தப் பழக்கம்தான் போட்டியில் கைகொடுக்கும்.

போட்டி நீச்சல் ஏரியிலோ கடலிலோ என்றால் அதற்கு முன் இரண்டு மூன்று முறையாவது திறந்த நீரில் இறங்கிப் பழகியிருக்க வேண்டும், தனியாக ஒருபோதும் வேண்டாம், பளிச்சென்ற நிறத் தொப்பியும் இடுப்பில் கட்டும் மிதவையும் இருக்கட்டும். குளத்தில் கீழே கோடு தெரியும், பிடிக்கச் சுவர் இருக்கும். அங்கே இரண்டும் இல்லை, பக்கத்தில் இருப்பவரின் கை மேலே படும், தண்ணீர் குளிர்ந்திருந்தால் இறங்கியதும் தன்னிச்சையாக மூச்சு ஏறும். அதனால் அனுமதி இருந்தால் சில நிமிடம் முன்பே இறங்கி, முகத்தை நனைத்து, குமிழி விட்டு உடம்பைப் பழக்கிக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் கடைசி வரிசையில், ஓரமாக நில்லுங்கள். ஏழெட்டுக் கைவீச்சுக்கு ஒரு முறை கண்ணை மட்டும் தண்ணீருக்கு மேலே தூக்கி, பாதையைக் காட்ட அமைப்பாளர்கள் வைத்திருக்கும் மிதவை எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும், இல்லையென்றால் 750 மீட்டர் 900 ஆகிவிடும். பயம் வந்தால் மல்லாந்து மிதக்கலாம், பிரெஸ்ட் ஸ்ட்ரோக்குக்கு மாறலாம், காவல் படகைப் பிடித்து ஓய்வெடுக்கலாம். அதைப் பிடித்துக்கொண்டு முன்னேறாத வரை விதி இதை அனுமதிக்கிறது. இது தெரிந்திருந்தாலே பாதிப் பயம் போய்விடும்.

இதைச் சொல்லாமல் விட முடியாது. அமெரிக்க டிரையத்லான்களில் 1985 முதல் 2016 வரை நடந்த இறப்புகளையும் திடீரென இதயத் துடிப்பு நின்ற சம்பவங்களையும் தொகுத்து 2017-ல் வெளிவந்த ஆய்வில் 135 சம்பவங்கள் பதிவாகியிருந்தன, அவற்றில் 90 நீச்சலின்போது நடந்தவை. லட்சக்கணக்கானோர் கலந்துகொண்ட விளையாட்டில் இது அபூர்வம்தான், ஆனாலும் நெஞ்சுவலி, மயக்கம், படபடப்பு எப்போதாவது வந்திருந்தாலோ குடும்பத்தில் யாருக்காவது இளம் வயதில் இதயக் கோளாறு இருந்தாலோ பயிற்சி தொடங்கும் முன் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

சைக்கிள். உங்களிடம் இருப்பதே போதும். பிரேக், டயர் காற்று, செயின் எண்ணெய் மூன்றையும் சரிபாருங்கள், கைப்பிடியின் இரண்டு முனைகளும் அடைத்திருக்க வேண்டும், திறந்திருந்தால் பரிசோதனையில் நிறுத்திவிடுவார்கள். பெடல் கீழே இருக்கும்போது முழங்கால் லேசாக மடங்கியிருக்கும்படி சீட் உயரத்தை வைத்தால் காசு செலவில்லாமலே மிதிப்பது எளிதாகும். அமெச்சூர் போட்டிகள் பலவற்றில் முன்னால் போகிறவரின் பின்னால் ஒட்டி ஓட்டக் கூடாது, எத்தனை மீட்டர் இடைவெளி என்பதை அந்தப் போட்டியின் விதியில் படித்துக்கொள்ளுங்கள். சின்னச் சின்ன வாக்கியமாகப் பேச முடிகிற வேகத்தில் ஓட்டுங்கள். கடைசி ஒரு கிலோமீட்டரில் லேசான கியருக்கு மாறி காலைச் சுழல விடுங்கள்.

ஏன் என்றால் இறங்கி ஓடும்போது கால் கட்டைபோல இருக்கும், முதல் கிலோமீட்டர் முழுக்க அப்படித்தான். அதற்கு ஒரே மருந்து பயிற்சியிலேயே சைக்கிளை விட்டதும் ஓடிப் பழகுவது. வாரத்தில் ஒரு நாள் 40 நிமிடம் சைக்கிள், உடனே 10 நிமிடம் ஓட்டம், போகப்போக 20 நிமிடம். ஆக வாரத்துக்கு மூன்று நீச்சல், இரண்டு சைக்கிள், இரண்டு ஓட்டம் (சைக்கிளில் ஒன்றும் ஓட்டத்தில் ஒன்றும் ஒரே நாளில்), ஒரு நாள் முழு ஓய்வு. போட்டிக்கு முந்தைய வாரம் எல்லாவற்றையும் பாதியாக்குங்கள்.

டிரான்சிஷனில், அதாவது ஒரு பகுதியிலிருந்து அடுத்ததற்கு மாற சைக்கிளும் ஷூவும் வைத்திருக்கும் இடத்தில், ஒரு விதியை மட்டும் உடம்பில் ஏற்றிக்கொள்ளுங்கள்: ஹெல்மெட் வாரை மாட்டிய பிறகுதான் சைக்கிளைத் தொட வேண்டும், திரும்பி வந்து சைக்கிளை நிறுத்திய பிறகுதான் வாரைக் கழற்ற வேண்டும். அந்த இடத்துக்குள் சைக்கிளில் ஏறி ஓட்டக் கூடாது, ஏறும் கோடு வரை தள்ளிக்கொண்டே போங்கள். நீந்தும்போதே உள்ளே போட்டுக்கொண்டு கடைசி வரை ஓடக்கூடிய ஒரே உடை, இழுத்தால் இறுகும் ஷூ கயிறு, இரண்டும் இருந்தால் போதும். ஈரக் காலில் சாக்ஸ் போடச் சிரமம் என்று பலர் தவிர்க்கிறார்கள், நான் போடச் சொல்வேன், கொப்புளத்தோடு 5 கிலோமீட்டர் ஓடுவதற்கு அந்த 20 விநாடி பரவாயில்லை.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். இரண்டரை மணி நேரம் முன்பே பழக்கமான லேசான உணவு, சைக்கிளில் ஒரு பாட்டில் தண்ணீர். புதிதாக எதையும் அன்றைக்குச் சோதித்துப் பார்க்காதீர்கள்.

சரி, அந்த நிபந்தனை. ஆறாவது வாரம் முடியும்போது குளத்தில் 750 மீட்டரை நிற்காமல், கடைசியில் இரண்டு வார்த்தை பேசும் நிலையில் முடிக்க வேண்டும், எத்தனை நிமிடம் ஆனாலும் சரி. முடியவில்லை என்றால் அதே நிகழ்வில் இன்னும் குறைந்த தூரப் பிரிவு இருக்கிறதா, அதற்கு மாற்றிக்கொள்ள விடுவார்களா, எந்தத் தேதிக்குள் சொல்ல வேண்டும், நீச்சலுக்குக் கால வரம்பு என்ன என்று பணம் கட்டும் முன்பே அமைப்பாளர்களிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.