பழைய கார் பிரியர்களின் இணையக் குழு: செலவு யாருடையது, சேமிப்பு யாருடையது?

அம்பாசிடர், பிரீமியர் பத்மினி, ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் வைத்திருப்போருக்காக நாங்கள் சொந்தத் தளத்தில் நடத்தும் இணையக் குழுவின் வரவு செலவும் நிர்வாகமும் பல ஆண்டுகளாக என் பொறுப்பில் இருக்கின்றன. இந்த ஆண்டுச் சந்தா அறிவிப்பு வெளியானதும் கேள்விகள் குவிந்துவிட்டன. இதேபோலத் தங்கள் ஊரில் குழு தொடங்க நினைக்கும் நண்பர்களும் எழுதியிருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் பதில் சொல்கிறேன்.

மதுரை, பத்மினி வைத்திருப்பவர்: அண்ணா, நாங்கள் வாட்ஸ்அப்பில் ஒரு காசு செலவில்லாமல் குழு நடத்துகிறோம். உங்களுக்கு மட்டும் எதற்குப் பணம்?

ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணிக்குக் கிளம்புவது, எந்தக் கடையில் இட்லி சாப்பிடுவது என்று பேசிக்கொள்ள வாட்ஸ்அப்பை மிஞ்ச ஒன்றும் இல்லை தம்பி. நாங்களும் அதற்கு அதைத்தான் பயன்படுத்துகிறோம். ஒரு குழுவில் 1,024 பேருக்கு மேல் சேர முடியாது என்பதுகூடப் பெரிய குறை அல்ல. அங்கே பேசியது தங்குவதில்லை என்பதுதான் குறை.

உங்கள் பத்மினியையே எடுத்துக்கொள்ளுங்கள். கத்திரி வெயிலில் சிக்னலில் நிற்கும்போது எஞ்சின் அணைந்துவிடும். எவ்வளவு சாவி திருகினாலும் கிளம்பாது. டாங்கிலிருந்து பெட்ரோலை இழுத்துவரும் பம்ப் சூடேறி, குழாய்க்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகிவிடுவதால், அதைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் கார்புரேட்டருக்கு வந்து சேருவதில்லை. பம்ப்பின் மேல் ஈரத் துணியைச் சுற்றிச் சற்று நேரம் காத்திருந்தால் வண்டி கிளம்பிவிடும் என்பது எல்லா ஓட்டுநர்களுக்கும் தெரியும். ஆனால் அது நிரந்தரத் தீர்வு அல்ல. பம்ப்புக்கும் எஞ்சினுக்கும் நடுவில் இருக்கும் வெப்பத் தடுப்புத் துண்டு தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெட்ரோல் குழாய் புகைபோக்கிக்கு அருகே போகிறதா, அதை எப்படித் தள்ளி வளைப்பது என்று படத்தோடு காட்ட வேண்டும். ஒரு மூத்த மெக்கானிக் பொறுமையாக உட்கார்ந்து இதை விளக்கியிருப்பார். வாட்ஸ்அப்பில் அந்த விளக்கம் அடுத்த நாள் காலை வணக்கப் படங்களுக்கு அடியில் புதைந்துபோகும். அடுத்த சித்திரையில் புதிதாகச் சேர்ந்தவர் அதே கேள்வியைக் கேட்பார். அந்த மெக்கானிக் இன்னொரு முறை விளக்குவார், மூன்றாம் முறை பேசாமல் இருந்துவிடுவார். ஒரு முறை சொன்னதை இருபது ஆண்டுகள் கழித்தும் தேடி எடுக்கும்படி வைத்திருப்பதற்குத்தான் பணம்.

திருப்பூர்: சரி, எதற்கெல்லாம் எவ்வளவு ஆகிறது?

தளத்தின் பெயருக்கு ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய்ச் சுற்றில் ஆகும். குழுவை இயக்கும் மென்பொருள் திறமூலம், யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம்; அதற்குக் கட்டணம் இல்லை. சர்வர் வாடகை, படங்களைச் சேமிக்கும் இடம், கடவுச்சொல் மறந்தவர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பும் சேவை, வேறோர் ஊரில் உள்ள சர்வரில் வைக்கும் காப்புப் பிரதி ஆகியவை சேர்ந்துதான் பெரிய செலவு. அதிலும் படங்கள்தான் இடத்தை விழுங்குகின்றன. இன்றைய கைப்பேசியில் எடுக்கும் ஒரு படம் மூன்று நான்கு மெகாபைட் இருக்கும். அகலத்தை 1,600 பிக்சலுக்குக் குறைத்தால் பத்தில் ஒரு பங்காகிவிடும்; கார்புரேட்டர் திருகாணி அப்போதும் தெளிவாகத் தெரியும். புதிதாகத் தொடங்குபவர்கள் முதல் நாளே இந்தச் சுருக்கத்தைத் தானாக நடக்கும்படி அமைத்துவிடுங்கள்.

இன்னொன்று: வெளிநாட்டு நிறுவனத்துக்கு டாலரில் கட்டினால் வங்கியின் அந்நியச் செலாவணிக் கட்டணமும் சேரும். 2021 அக்டோபர் 1 முதல் அட்டையிலிருந்து தானாகப் பணம் கழிவதற்கு ரிசர்வ் வங்கி புதிய விதிகளை நடைமுறைப்படுத்தியபோது, பலருடைய வெளிநாட்டுச் சந்தாக்கள் ஒரே இரவில் நின்றுபோயின. தளப் பெயரின் கட்டணத்தைத் தானாகக் கழியும் என்று நம்பி விட்டுவிடாதீர்கள். பல ஆண்டுகளுக்கு முன்கூட்டியே கட்டிவிடலாம். டாட் காம் பெயர் காலாவதியாகி நீக்கப்பட்டால், 30 நாள் மீட்புக் காலத்துக்குள் கூடுதல் கட்டணம் செலுத்தித்தான் திரும்பப் பெற முடியும். அதற்கும் பிறகு யார் வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம்.

சென்னை, பெரம்பூர்: படங்களை இலவசமாக வைத்துக்கொள்ள எத்தனையோ நிறுவனங்கள் இருக்கின்றன. அங்கே ஏற்றிவிட்டு இங்கே இணைப்பை மட்டும் கொடுத்தால் செலவு பாதியாகுமே ஐயா?

இந்தக் கேள்விக்குச் சற்று நீளமாகவே பதில் சொல்ல வேண்டும். உலகம் முழுவதும் கார் குழுக்கள் நீங்கள் சொல்லும் வழியில்தான் பல ஆண்டுகள் நடந்தன. போட்டோபக்கெட் என்ற நிறுவனத்தில் படத்தை ஏற்றி, எழுத்தின் நடுவே அதைத் தெரியும்படி செய்வார்கள். 2017 ஜூன் இறுதியில் அந்த நிறுவனம் விதியை மாற்றியது: வேறு தளத்தில் படம் தெரிய வேண்டுமானால் ஆண்டுக்கு 399.99 டாலர் கட்ட வேண்டும். கட்டாதவர்களின் படங்கள் இருந்த இடத்திலெல்லாம் வேகமானி வரைந்த ஓர் அறிவிப்புப் பலகை வந்து உட்கார்ந்துகொண்டது. கியர்பாக்ஸைக் கழற்றி மாட்டுவதைப் படிப்படியாக விளக்கிய பதிவுகளில் “கீழே உள்ள படத்தைப் பாருங்கள்” என்ற வரி மட்டும் மிஞ்சியது. அடுத்த ஆண்டு நிறுவனம் இறங்கிவந்தது உண்மைதான். ஆனால் அதற்குள் கணக்கை மூடிவிட்டவர்கள் ஏற்றியவை திரும்பவில்லை.

நம் நாட்டில் ஆர்குட் என்ற சமூக வலைத்தளம் நினைவிருக்கும். அதில் கார்களுக்கென்றே எத்தனை குழுக்கள் இருந்தன! 2014 செப்டம்பர் 30-ல் அது மூடப்பட்டது. யாகூ குழுமங்கள் என்ற மின்னஞ்சல் குழுக்களில் சேர்ந்திருந்த பழைய பதிவுகளும் கோப்புகளும் 2019 டிசம்பரில் தளத்திலிருந்து எடுக்கப்பட்டன. ஓராண்டு கழித்துச் சேவையே நின்றது. அந்த நிறுவனங்களைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. நாம் வாடகை கொடுக்காத வீட்டில் நம் பொருளைப் போட்டு வைத்திருந்தோம். வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னார். இன்று உதிரிபாகம் செய்வோரே அருகிவிட்ட வண்டிகளைப் பற்றி நாம் பேசிக்கொண்டிருக்கிறோம். அம்பாசிடர் உற்பத்தி 2014-லேயே நின்றுவிட்டது. ஹெரால்டுக்கு மூல நிறுவனமே இல்லை. ஒரு படம் தொலைந்தால் அதை மறுபடி எடுக்க அந்த வண்டி கிடைக்காமல் போகலாம். அதனால் படங்கள் நம் இடத்திலேயே இருக்கட்டும், செலவு எவ்வளவானாலும்.

கோயம்புத்தூர், ஒர்க்‌ஷாப் நடத்துபவர்: விளம்பரம் வாங்கினால் சந்தாவே தேவைப்படாதே? நானே தரத் தயார்.

தாருங்கள் ஐயா, மறுக்கவில்லை. உங்கள் விளம்பரம் தனிக் கட்டத்தில், ‘விளம்பரம்’ என்ற சொல்லோடு வரும். பணம் வாங்கிக்கொண்டு எழுதியதைச் சொந்த அனுபவம்போல வெளியிட மாட்டோம். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனில் வெளியிட்ட வழிகாட்டுதல்களும், விற்பவருக்கும் பரிந்துரைப்பவருக்கும் உள்ள தொடர்பை மறைக்கக் கூடாது என்றுதான் சொல்கின்றன.

ஆனால் விளம்பரத்தை மட்டும் நம்பிக் குழு நடத்தக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். பழைய பெட்ரோல் அம்பாசிடர் எஞ்சினுக்கு 20டபிள்யூ-50 என்ற கெட்டியான ஆயில் பொருத்தம் என்று எங்கள் உறுப்பினர்கள் எழுதுகிறார்கள். விலை உயர்ந்த, மெல்லிய ஆயில் விற்கும் ஒருவர் நம் செலவில் பாதியைத் தருகிறார் என்று வையுங்கள். அந்தப் பதிவை எடுக்கச் சொல்லி அவர் கேட்கும் நாளில் என்ன செய்வோம்? கேட்கவே வேண்டாம், அவர் மனம் கோணுமே என்று நாமே தயங்கத் தொடங்கிவிடுவோம். ஆகவே எந்த ஒரு விளம்பரதாரரும் விலகினால் குழு நின்றுபோகும் என்ற நிலை வரக் கூடாது. அடிப்படைச் செலவு முழுவதும் சந்தாவிலிருந்து. விளம்பரப் பணம் காப்புப் பிரதிக்கும் சந்திப்புகளுக்கும்.

சேலம்: அப்படியானால் பணம் கட்டியவர்களுக்கு மட்டும் படிக்கக் கொடுத்தால் என்ன?

கூடாது. நள்ளிரவில் உளுந்தூர்பேட்டைக்கு அருகே வண்டி நின்று, கைப்பேசியில் தேடிக்கொண்டிருப்பவரிடம் முதலில் சந்தா கட்டுங்கள் என்று எப்படிச் சொல்வது? படிப்பது எல்லோருக்கும் இலவசம். விற்பனைப் பகுதியில் பதிவிட, பெரிய படங்கள் ஏற்ற, நிர்வாகத்தில் வாக்களிக்கச் சந்தா. யுபிஐயில் நேரடியாக வாங்கினால் கட்டணமாக எதுவும் கழியாது. கட்டண நுழைவாயில் நிறுவனம் வழியாக அட்டையில் வாங்கினால் இரண்டு சதவீதம்போலக் கழியும்.

திருச்சி: பதிவுகளைச் சரிபார்க்கும் நெறியாளர்களுக்குச் சம்பளம் உண்டா? சும்மா சண்டையை விலக்கத்தானே இருக்கிறார்கள்?

சம்பளம் இல்லை, அவர்கள் செய்வது சண்டை விலக்குவது மட்டும் அல்ல. ஹெரால்டில் முன்சக்கரத்தின் கீழ்ப்பகுதியில், திருப்பும்போது சுழலும் ஒரு வெண்கலக் கட்டை உண்டு, டிரன்னியன் என்பார்கள். அதற்குள் இபி 90 கியர் ஆயில்தான் விட வேண்டும். பழக்க தோஷத்தில் எல்லோரும் கிரீஸ் அடித்துவிடுகிறார்கள். கட்டைக்குள் திருகி நிற்கும் தண்டின் மரைக்குள் கிரீஸ் சரியாக இறங்காது, நாளடைவில் இறுகும், நீர் புகுந்து மரை துருப்பிடிக்கும். ஒருநாள் அந்தத் தண்டு முறிந்து, ஓடிக்கொண்டிருக்கும்போதே சக்கரம் மடங்கிவிடும். “நன்றாகக் கிரீஸ் அடியுங்கள்” என்று நல்லெண்ணத்தோடு ஒருவர் எழுதினால், அதே மணி நேரத்தில் அதன் கீழே எச்சரிக்கை போட ஆள் வேண்டும். அந்த ஆள் ஹெரால்டைக் கழற்றிப் பார்த்தவராக இருக்க வேண்டும். பணம் கொடுத்து வெளியாளை வைத்தால் இது நடக்காது. நெறியாளர்களுக்குச் சந்தா கிடையாது, ஆண்டுச் சந்திப்புக்குப் போகவர டிக்கெட் செலவைக் குழு ஏற்கிறது. அதற்கு மேலும் அவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

ஈரோடு: ஓர் ஒர்க்‌ஷாப் என் எஞ்சினைப் பாழாக்கிவிட்டது. எழுதினால் வழக்கு வருமா?

பில், தேதி, என்ன வேலைக்குக் கொடுத்தீர்கள், என்ன ஆகித் திரும்பி வந்தது, இவற்றை மட்டும் எழுதுங்கள். ‘திருடன்’, ‘ஏமாற்றுக்காரன்’ என்ற சொற்களை நாங்கள் நீக்கிவிடுவோம். அவதூறு இப்போது, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவில் குற்றமாகவே இருக்கிறது. ஒர்க்‌ஷாப்காரர் பதில் எழுதினால் அதையும் அதே இடத்தில் வெளியிடுவோம். குழு நடத்துபவர்களுக்கும் ஒரு சொல்: பிறர் எழுதியதற்கு நமக்குப் பாதுகாப்புத் தருவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79-ஆம் பிரிவு. அது நிபந்தனையோடு கிடைக்கும் பாதுகாப்பு. அந்தச் சட்டத்தின் கீழ் வந்த 2021 விதிகளின்படி குறைதீர்ப்பு அலுவலரின் பெயரையும் தொடர்பு முகவரியையும் வெளியிட வேண்டும். புகார் கிடைத்தது என்று 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும்.

தஞ்சாவூர்: பணம் உங்கள் சொந்த வங்கிக் கணக்கில் வருகிறதா? தவறாக நினைக்க வேண்டாம்.

தவறே இல்லை, எல்லோரும் கேட்க வேண்டிய கேள்வி. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன் கீழ் ஏழு பேர் சேர்ந்து மாவட்டப் பதிவாளரிடம் சங்கத்தைப் பதிவு செய்யலாம். பிறகு சங்கத்தின் பெயரில் பான் எண், வங்கிக் கணக்கு. காசோலையில் இருவர் கையெழுத்து. உறுப்பினர்கள் தங்களுக்காகவே போட்டுச் செலவழிக்கும் பணம் வருமானம் ஆகாது என்ற கொள்கையை நீதிமன்றங்கள் ஏற்றிருக்கின்றன. ஆனால் வங்கி வைப்புக்கு வரும் வட்டிக்கு அது பொருந்தாது என்று 2013-ல் பெங்களூர் கிளப் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விளம்பர வருவாய்க்கும் தனிக் கணக்கு வையுங்கள். ஆண்டு மொத்த வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். அதற்குக் கீழே நிற்கும் குழுக்களே அதிகம்.

யாழ்ப்பாணம்: வணக்கம் அண்ணா. எங்களிடம் மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் இன்னும் ஓடுகின்றன. உங்கள் குழுவுக்கு நன்கொடை அனுப்பலாமா?

வணக்கம் தம்பி. நன்கொடை வேண்டாம். இந்தியக் குடியுரிமை இல்லாதவர் இங்குள்ள சங்கத்துக்குத் தரும் நன்கொடை வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் வரும்; அதற்கான பதிவு எங்களிடம் இல்லை. வெளிநாட்டில் வேலை பார்க்கும் இந்தியக் குடிமக்கள் தங்கள் சேமிப்பிலிருந்து தருவதற்கு அந்தத் தடை கிடையாது. உங்களிடம் எங்களுக்கு வேண்டியது வேறு. அம்பாசிடருக்கு மூல வடிவம் மோரிஸ் ஆக்ஸ்போர்டு என்ற பிரிட்டிஷ் கார். உங்கள் ஒஸ்ரினும் அதே குடும்பத்து எஞ்சினோடு வந்த வண்டி. போர்க்காலத்தில் பெட்ரோலும் உதிரிபாகமும் வராமல் இருந்தபோது உங்கள் ஊர் மெக்கானிக்குகள் எதற்கு எதைப் பொருத்தி ஓட்டினார்கள் என்பதைப் படத்தோடு எழுதுங்கள். சர்வர் செலவு எங்களுடையதாக இருக்கட்டும்.

பெங்களூரு: குழுவை ஒரு நிறுவனம் விலைக்குக் கேட்டால் கொடுப்பீர்களா?

மாட்டோம். டொராண்டோவைச் சேர்ந்த வெர்ட்டிகல்ஸ்கோப் நிறுவனம் ஆர்வலர்கள் வளர்த்த இத்தகைய குழுக்களை, அதிலும் கார் குழுக்களை, நூற்றுக்கணக்கில் வாங்கியது. பல ஆண்டு உழைத்துக் களைத்தவர் விற்றால் அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் 2016-ல் அந்த நிறுவனத்தின் தளங்களிலிருந்து சுமார் 4.5 கோடிக் கணக்குகளின் விவரங்கள் கசிந்ததாகச் செய்தி வந்தது. அந்த உறுப்பினர்கள் ஒரு சிறிய குழுவில் சேர்ந்தவர்கள். தங்கள் விவரம் அவ்வளவு பெரிய குவியலில் போய்ச் சேரும் என்று யாரும் கேட்டுக்கொண்டு சேரவில்லை. விற்பதானால் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினரின் வாக்கு வேண்டும் என்று எங்கள் சங்க விதியில் எழுதி வைத்திருக்கிறோம்.

வேலூர்: நீங்கள் இல்லாமல் போனால்? கேட்க மனமில்லைதான், ஆனால் கேட்கிறேன்.

தளப் பெயர் சங்கத்தின் பெயரில் இருக்கிறது. சர்வர், மின்னஞ்சல், காப்புப் பிரதி ஆகியவற்றின் கடவுச்சொற்கள் செயலாளரிடமும் பொருளாளரிடமும் உண்டு. ஒட்டிய உறையில் ஒரு நகல் வங்கிப் பெட்டகத்தில் இருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை, நான் கை வைக்காமல், செயலாளர் காப்புப் பிரதியிலிருந்து தளத்தை வேறோர் சர்வரில் எழுப்பிப் பார்க்கிறார். படங்கள் தெரிகின்றனவா, தேடல் வேலை செய்கிறதா என்று பார்த்து முடிவைக் குழுவில் எழுதுவார். அடுத்த சோதனை தை மாதத்தில். உடனிருந்து பார்க்க விரும்புபவர்கள் செயலாளருக்கு எழுதுங்கள். உங்களைப் போல இதைக் கேட்டவர்களில் ஒருவர் அடுத்த பொருளாளராக வந்தால் மிகவும் மகிழ்வேன்.