கடல் இல்லாத ஊரில் படகு வேலை: வாசகர் கேள்வி – பதில்

ஓசூரில் மூன்று சி.என்.சி. லேத் வைத்து வண்டி பாகங்களுக்கு ஜாப் ஒர்க் செய்கிறேன். கப்பல் கட்டும் தொழிலுக்கு மத்திய அரசு பெருந்தொகை ஒதுக்கியதாகப் படித்தேன். எங்களைப் போன்ற பட்டறைகளுக்கு அதில் ஏதாவது வருமா?
– வாசகர், ஓசூர்

2025 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த தொகுப்பின் மதிப்பு 69,725 கோடி ரூபாய். அதில் 24,736 கோடி, கப்பல் கட்டுவோருக்கான நிதியுதவித் திட்டம். 2036 மார்ச் வரை நடக்கும். இந்தப் பணம் கப்பல் கட்டும் தளங்களான யார்டுகளுக்கும் அவற்றைச் சார்ந்த பெரிய வேலைகளுக்கும்தான் போகும். உங்கள் கணக்குக்கு நேரடியாக எதுவும் வராது. வந்தால் ஆர்டராகத்தான் வரும்.

ஷாப்ட், பேரிங் உறை, பிளேஞ்ச், வால்வு உடல் எல்லாம் உங்கள் மெஷினில் ஓடும். மைக்ரான் கணக்கில் வேலை செய்து பழகிய கைக்கு அளவு ஒரு பிரச்சினையே இல்லை. பழக்கமில்லாதது உப்புத் தண்ணீர்.

புரொப்பெல்லர் ஷாப்ட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். எஸ்.எஸ். 304 என்ற துருப்பிடிக்காத ஸ்டீல் வகையில் கடைந்தால் பளபளவென்று இருக்கும். கடலில் ஊசிக் குத்துப் போலக் குழி விழும். 316-ல் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் இருப்பதால் கூடுதலாகத் தாங்கும். ஆனால் ஓடாத படகில் 316-ம் பாடுபடும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அப்போது தண்ணீரிலேயே கிடக்கும் படகில், பேரிங்குக்கும் சீலுக்கும் அடியில் தேங்கிய நீரில் ஆக்சிஜன் தீர்ந்துவிடும். ஸ்டீலின் மேல் இருக்கும் பாதுகாப்புப் படலம் அங்கே மறுபடி உருவாகாது. அரிப்பு சரியாக அந்த இடத்தில் தொடங்கும். டூப்ளெக்ஸ் 2205 என்ற ஸ்டீல் வகை இதை நன்றாகத் தாங்கும். விலையும் கூட, டூல் தேய்மானமும் கூட. கொட்டேஷன் போடும்போதே அதைச் சேர்த்துவிடுங்கள். 304-ஐயும் 316-ஐயும் காந்தம் வைத்துப் பிரிக்க முடியாது. மாலிப்டினம் சோதனைச் சொட்டு மருந்தோ, எக்ஸ்-ரே கருவியோ வேண்டும். கடல் நீர் ஓடும் பாகத்துக்குச் சாதாரணப் பித்தளை வேண்டாம். துத்தநாகம் கரைந்து வெளியேறி, பொலபொலத்த செம்பு மட்டும் நிற்கும். உடைத்துப் பார்த்தால் உள்ளே இளஞ்சிவப்பாகத் தெரியும்.

ஷாப்ட் முனை கூம்பாகக் குறுகும் விகிதமான டேப்பர் 1:10-ஆ, 1:16-ஆ என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சர்வதேசத் தரத்தில் 1:10; அமெரிக்க வழியில் வந்த படகுகளில் 1:16. கடைந்த பிறகு புளூ என்ற நீல மை தடவி ஒட்டும் பரப்பைப் பாருங்கள். அடுத்து, ஷாப்ட்டையும் புரொப்பெல்லரையும் பூட்டும் சிறு கட்டையான சாவியைப் போடாமல் புரொப்பெல்லரை ஏற்றி அது நிற்கும் இடத்தில் கோடு போடுங்கள். சாவி போட்டு ஏற்றும்போதும் அதே கோட்டில்தான் நிற்க வேண்டும். கோட்டுக்கு முன்னாலேயே நின்றால் சாவியின் உயரம் அதிகம். பாரத்தை டேப்பருக்குப் பதில் சாவி சுமக்கும். சாவிப் பள்ளத்தின் மூலையில் விரிசல் பிறக்கும். அந்த மூலையைக் கூர்மையாக விடாமல் சிறு ரேடியஸ் கொடுங்கள்.

கடைசியாகக் காகிதம். வண்டிக் கம்பெனிகளுக்காக நீங்கள் வாங்கிய தரச் சான்று இங்கே கதவைத் திறக்காது. கப்பலின் தரத்தைச் சோதித்துச் சான்று தரும், இந்தியக் கப்பல் பதிவகம் போன்ற வகைப்பாட்டு நிறுவனத்தின் சர்வேயர் முதலில் தேடுவது, ஸ்டீல் எந்த உருக்கில் வந்தது என்று காட்டும் ஹீட் நம்பரைத்தான். தடியை வெட்டும் முன்பே அந்த எண்ணை மீதித் துண்டுக்கும் பொறித்துவிடுங்கள். எண் இல்லாத துண்டு எவ்வளவு நல்ல ஸ்டீலாக இருந்தாலும் காயலான் கடைச் சரக்குதான். ஆர்டரில் கேட்டிருக்கும் ஸ்டீல் ஆய்வுச் சான்று 3.1 வகையா, 3.2 வகையா என்றும் பாருங்கள். 3.1-ல் தயாரிப்பாளர் தரப்பு ஆய்வாளர் கையெழுத்து போதும், 3.2-க்கு வெளி ஆய்வாளரும் கையெழுத்திட வேண்டும். அந்தச் செலவு யார் தலையில் என்பதை முன்கூட்டியே பேசி முடியுங்கள்.

பென்னாகரம் பக்கம் மூங்கில் பரிசல் கட்டுகிறோம். ஃபைபரில் செய்ய ஆசை. ஒரு பரிசலுக்கு என்னென்ன பொருள், எவ்வளவு பிடிக்கும்? முதலில் செய்து பார்த்ததில் மேல் பூச்சு யானைத் தோல் மாதிரி சுருங்கிவிட்டது.
– வாசகர், பென்னாகரம்

குறுக்களவு 225 செ.மீ., ஆழம் 60 செ.மீ. என்றால் பரப்பு சுமார் 5 சதுர மீட்டர். மேல் பூச்சான ஜெல்கோட் 3 கிலோ. அதன் மேல், சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட் (வெட்டிய கண்ணாடி நார் விரிப்பு) இரண்டு, 600 கிராம் ரோவிங் (நெய்த கண்ணாடி நார்த் துணி) ஒன்று, மறுபடி மேட் ஒன்று. கண்ணாடி நார் 10 கிலோ ஆகும். வெட்டுச் சேதத்துக்கு ஒரு கிலோ சேர்த்து வாங்குங்கள். மேட்டுக்கு அதன் எடையைப் போல இரண்டேகால் மடங்கு, ரோவிங்குக்குச் சம எடை என்று, நாரை ஒட்டி இறுகும் பிசினான ரெசின் 19 கிலோ வரும். தடிமன் சுமார் 4 மி.மீ. பாறையில் உரசும் அடிப்பாகத்துக்கு இன்னும் இரண்டு மேட் போடுங்கள்.

சுருக்கத்துக்குக் காரணம், ஜெல்கோட் மெல்லிசாக இருந்திருக்கும் அல்லது இறுகுவதற்குள் மேட் போட்டிருப்பீர்கள். மேட்டோடு பூசும் ரெசினில் உள்ள ஸ்டைரீன் என்ற கரைப்பான் அரைகுறையாக இறுகிய பூச்சை ஊற வைத்து உப்பச் செய்துவிடும். அரை மில்லிமீட்டருக்குக் குறையாமல் பூசுங்கள். விரல் வைத்தால் பிசுபிசுக்க வேண்டும், ஆனால் விரலோடு வரக் கூடாது. அதுதான் மேட் போடும் நேரம்.

ரெசினை இறுக வைக்கும் கேட்டலிஸ்ட், ஒரு கிலோ ரெசினுக்கு 15 கிராம், சித்திரை வெயிலில் 10. ஒரு நேரத்தில் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் கலக்காதீர்கள். வாளியிலேயே சூடேறிக் கட்டியாகும். இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட்டை ரெசினில் முதலில் நன்றாகக் கலக்கிவிட்டு, அதற்குப் பிறகே கேட்டலிஸ்ட். இரண்டையும் நேரடியாகச் சேர்த்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். ஒரே அலமாரியில்கூட வைக்காதீர்கள்.

மூங்கில் பரிசல் கவிழ்ந்தாலும் மிதக்கும், ஃபைபர் மூழ்கும். விளிம்புக்கு அடியில் சுற்றிலும் 80 லிட்டர் அளவுக்கு, நீர் உறிஞ்சாத பாலியூரித்தேன் ஃபோம் வைத்து மூடுங்கள். தெர்மாகோல் வேண்டாம், ரெசின் பட்டதும் கரைந்துவிடும். இன்னொன்று: பாறையில் மோதினால் மூங்கில் வளைந்து கொடுக்கும், ஃபைபர் நட்சத்திர வடிவில் விரிசல் விடும். ஒகேனக்கல் ஐந்தருவிப் பக்கப் பாறைக்கு மூங்கில்தான் தோது என்பது எங்கள் அபிப்பிராயம். அகன்ற, அமைதியான நீருக்கு ஃபைபர் சரி. ஆட்களை ஏற்றுவதற்கு முன் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பாலக்கோட்டில் பத்தாம் வகுப்பு படிக்கும் மகன் படகு இன்ஜின் வேலைக்குப் போக விரும்புகிறான். எங்கே சேர்ப்பது?
– வாசகி, பாலக்கோடு

கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய மீன்வள நிறுவனமான சிஃப்நெட்டில் மரைன் ஃபிட்டர் படிப்பு இரண்டு ஆண்டு. சென்னையிலும் விசாகப்பட்டினத்திலும் கிளைகள் உண்டு. பத்தாம் வகுப்பில் கணக்கும் அறிவியலும் முக்கியம்; நுழைவுத் தேர்வு இருக்கும். ஐ.டி.ஐ. வெல்டர்தான் கிடைத்தது என்றாலும் வருத்தப்படாதீர்கள், அம்மா. பையனை 3ஜி, 4ஜி நிலைகளில், அதாவது நிமிர்ந்து நிற்கும் தகட்டிலும் தலைக்கு மேல் இருக்கும் தகட்டிலும் பற்றவைக்கப் பழகச் சொல்லுங்கள். யார்டில் கிடைமட்டமாக வைத்துப் பற்றவைக்கும் இடம் குறைவு. அலுமினிய வெல்டிங்கும் கற்றால் இன்னும் நல்லது. கொச்சி வாட்டர் மெட்ரோ படகுகளின் உடல் அலுமினியம்தான். அலுமினியத்துக்கென்று வைத்திருக்கும் கம்பி பிரஷை இரும்பில் ஒருபோதும் தேய்க்கக் கூடாது.