“பாப்பா” என்றவர் “ஓனரம்மா” என்கிறார்

கேள்வி: அப்பாவின் மறைவுக்குப் பின், செவ்வாய்ப்பேட்டையில் உள்ள எங்கள் வெள்ளிக் கொலுசுப் பட்டறையை இரண்டு ஆண்டுகளாக நான் நடத்துகிறேன். வெள்ளி விலை ஏறிய நேரத்தில் எடை 18 கிராம் குறைந்ததால், 30 ஆண்டுகளாகப் பற்றவைப்பு வேலை பார்க்கும் அண்ணனை எல்லோர் முன்னிலையிலும் சத்தம் போட்டுக் கேட்டுவிட்டேன். மறுநாள் பார்த்தால், நோட்டில் தவறாக எழுதியவள் நான்தான். அந்த வாரக் கூலியோடு 500 ரூபாய் சேர்த்துக் கொடுத்தேன். அதை மட்டும் திருப்பிக் கொடுத்துவிட்டார். என்னைச் சிறு வயதிலிருந்து “பாப்பா” என்றவர், இப்போது “ஓனரம்மா” என்கிறார். பட்டறையில் யாரும் வாய் திறப்பதில்லை. என்ன செய்வது?
- வாசகி, சேலம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, அவர் இழந்தது கூலி அல்ல என்பதால்தான் அந்த ஐந்நூறு ரூபாய் திரும்பி வந்திருக்கிறது. கிராம் கணக்கில் வெள்ளி கைமாறும் தொழிலில், “கை சுத்தமானவர்” என்ற பெயர்தான் ஒருவருக்கு அடுத்த பட்டறையிலும் வேலை வாங்கித் தரும். அந்தப் பெயர் மீது, அவரிடம் தொழில் பழகிய பையன்களுக்கு முன்னாலேயே நீங்கள் கை வைத்துவிட்டீர்கள். ஆகவே தனியே அழைத்துச் சொல்லும் மன்னிப்பு போதாது. அன்று இருந்த அத்தனை பேரும் இருக்கும்போது, காலையில் வேலை தொடங்குவதற்கு முன், “அண்ணா, கணக்கை நான்தான் தப்பாக எழுதியிருந்தேன், உங்களை அப்படிக் கேட்டது தவறு” என்று சொல்லுங்கள். விலை ஏற்றத்தைக் காரணமாகச் சேர்க்காதீர்கள்.

பட்டறையின் அமைதிதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. 1990களில் அமெரிக்க மருத்துவமனைகளில் ஆய்வு செய்த ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன், நன்றாக நடத்தப்பட்ட குழுக்களில்தான் மருந்துத் தவறுகள் அதிகமாகப் பதிவாகியிருப்பதைக் கண்டு முதலில் திகைத்தார். அங்கே இருந்தவர்கள் தவறை அஞ்சாமல் வெளியே சொன்னதே அதற்குக் காரணமாக இருக்கக்கூடும் என்பது அவருக்குப் பிறகு புலப்பட்டது. உங்கள் பட்டறையிலும், சூடு கூடி ஒரு வளையம் உருகிவிட்டால் முன்பு உடனே உங்களிடம் காட்டியிருப்பார்கள். இனி அது மற்ற ஜோடிகளோடு சேர்ந்து கடைக்குப் போய், கடைக்காரர் சொல்லித்தான் உங்களுக்குத் தெரியவரும்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அப்பா விட்டுச் சென்ற தொழில் நம் கையில் நஷ்டப்பட்டுவிடுமோ என்ற பயம்தான் அன்று கோபமாக வெளிப்பட்டிருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. உளவியலாளர்கள் பீட்டர் சலோவியும் ஜான் மேயரும் 1990-இல் உணர்வுசார் நுண்ணறிவு என்று விளக்கியதில் முதன்மையானது, தன் உள்ளத்திலும் பிறர் உள்ளத்திலும் எழும் உணர்வை இன்னதென்று அறிவதுதான். இனி எடை குறைந்தால், பேசுவதற்கு முன் நோட்டை எடுங்கள். வெட்டுத் துண்டுகளையும் அரத்தூளையும் அவரையே பக்கத்தில் வைத்துக்கொண்டு தராசில் போடுங்கள். “கணக்கு இடிக்கிறது அண்ணா, சேர்ந்து பார்ப்போமா” என்ற கேள்வியில் யார் மீதும் பழி இல்லை.

நீங்கள் மன்னிப்புக் கேட்டதும் அவர் தலையை மட்டும் அசைத்துவிட்டு வேலையில் குனியலாம். பல வாரங்களுக்கு “ஓனரம்மா” என்றே அழைக்கலாம். பழையபடி கூப்பிடச் சொல்லி வற்புறுத்தாதீர்கள், அந்தப் பணத்தையும் மறுபடி நீட்டாதீர்கள்.