என்.சி.சி.யில் சேர்ந்தால் ராணுவ அதிகாரி ஆகலாமா?

கேள்வி: பி.எஸ்சி. கணிதம் முதலாமாண்டு படிக்கிறேன். எங்கள் கல்லூரியில் என்.சி.சி.க்கு (தேசிய மாணவர் படை) ஆள் எடுக்கிறார்கள். ராணுவ அதிகாரி ஆக வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை. ஆனால் அம்மா, "கையெழுத்து வாங்கிக்கொண்டு ராணுவத்துக்கு இழுத்துப் போய்விடுவார்கள், படிப்பும் கெட்டுவிடும்" என்று பயப்படுகிறார். சேரலாமா?
- வாசகி, தென்காசி

பதில்: தாராளமாகச் சேருங்கள், தள்ளிப்போடாமல் இப்போதே சேருங்கள். முதலில் அம்மாவின் பயத்தைப் போக்கிவிடுவோம். 1948-இல் சட்டம் போட்டுத் தொடங்கிய அமைப்பு என்.சி.சி.; மூன்று வருடமும் முடித்தால்கூட படையில் சேர்ந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. நான் சொல்வதைவிட, அம்மாவைக் கல்லூரிக்கு அழைத்துப்போய் என்.சி.சி. பொறுப்பில் இருக்கும் ஆசிரியரிடம் நேரில் பேச வையுங்கள், பாதி கவலை அங்கேயே தீர்ந்துவிடும்.

ஏன் இப்போதே என்றால், இரண்டு வருடம் முடித்தால் 'பி' சான்றிதழ், மூன்றாம் வருடம்தான் 'சி'. உங்களுடையது மூன்று வருடப் படிப்பு, அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் 'பி'யோடு நின்றுவிடுவீர்கள். அதிகாரி வேலைக்குக் கணக்கில் வருவது 'சி'தான். அதற்கு அணிவகுப்பில் 75 சதவீத வருகை வேண்டும், முகாமுக்கும் போயிருக்க வேண்டும்.

அந்த 'சி' சான்றிதழில் குறைந்தது 'பி' கிரேடும், பட்டப்படிப்பில் 50 சதவீத மதிப்பெண்ணும் இருந்தால், ராணுவத்தின் என்.சி.சி. சிறப்பு நுழைவுக்கு விண்ணப்பிக்கலாம். வயது 19 முதல் 25 வரை, திருமணம் ஆகியிருக்கக் கூடாது. இதில் பெரிய வசதி, யு.பி.எஸ்.சி. எழுத்துத் தேர்வு கிடையாது, விண்ணப்பங்களைச் சலித்து நேராக எஸ்.எஸ்.பி.க்கு, அதாவது படை அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் வாரியத்தின் நேர்முகத் தேர்வுக்கு, அழைப்பார்கள். மதிப்பெண் கேட்கிறார்களே, அதனால் அணிவகுப்பைச் சாக்கு வைத்துப் பாடத்தைக் கோட்டை விடாதீர்கள், அம்மா சொல்வதில் அந்த மட்டும் நியாயம் இருக்கிறது.

எஸ்.எஸ்.பி. ஐந்து நாள் தேர்வு. முதல் நாளே ஒரு மங்கலான படத்தை முப்பது விநாடி காட்டுவார்கள், நான்கு நிமிடத்தில் அதற்கொரு கதை எழுத வேண்டும், பிறகு குழுவாக உட்கார்ந்து எல்லாருமாகப் பேசி ஒரே கதையாக்க வேண்டும். பல குழுக்களில் அது சந்தைக்கடை இரைச்சலாகத்தான் போகும், அதற்குள் நிதானமாகத் தன் கருத்தைச் சொல்லி, அடுத்தவரையும் பேச விடுகிறவர் தனியாகத் தெரிவார். இதில் தேறாதவர்களுக்கு அன்றைக்கே ஊருக்கு டிக்கெட். நம் பிள்ளைகள் பலர் இங்கே விழுவது அறிவு இல்லாமல் அல்ல, ஆங்கிலத்தில் வாய் திறக்கக் கூச்சப்பட்டுத்தான். தப்பும் தவறுமாக இருந்தாலும் இன்றைக்கே பேச ஆரம்பியுங்கள்.

அப்புறம் மருத்துவப் பரிசோதனை, தகுதிப் பட்டியல். எல்லாம் சரியாக அமைந்தால் சென்னை பரங்கிமலையில் இருக்கும் அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் 49 வாரப் பயிற்சி, மாதம் 56,100 ரூபாய் உதவித்தொகை. பெண்கள் அங்கே 1992-இலிருந்தே பயிற்சி பெறுகிறார்கள். ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன், சிறப்பு நுழைவில் பெண்களுக்கான இடங்கள் மிகக் குறைவு. அதனால் இதை மட்டும் நம்பி இருக்காமல், இறுதியாண்டில் யு.பி.எஸ்.சி. நடத்தும் சி.டி.எஸ். என்ற படை அதிகாரி எழுத்துத் தேர்வையும் எழுதுங்கள். வருடத்துக்கு இரண்டு முறை நடக்கிறது, சென்னை அகாடமிக்கு ஆங்கிலமும் பொது அறிவும் போதும்.

கேள்வி: பொறியியல் மூன்றாமாண்டு படிக்கிறேன், என்.சி.சி.யில் இல்லை. எனக்கு வழி உண்டா? ஒரு பயிற்சி மையத்தில் "தேர்வு நிச்சயம்" என்று பெரிய தொகை கேட்கிறார்கள்.
- வாசகர், ஈரோடு

பதில்: உண்டு. இறுதியாண்டில் எஸ்.எஸ்.சி. டெக் நுழைவுக்கு (பொறியியல் படித்தவர்களைக் குறுகிய காலப் பணிக்கு ராணுவ அதிகாரியாக எடுப்பது) விண்ணப்பியுங்கள், அதிலும் எழுத்துத் தேர்வு இல்லை, மதிப்பெண்ணை வைத்து நேராக எஸ்.எஸ்.பி.க்கு அழைப்பார்கள், வயது 20 முதல் 27. "நிச்சயம்" என்று சொல்கிற இடத்தில் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள், எஸ்.எஸ்.பி.யில் யாராலும் அப்படி உத்தரவாதம் தர முடியாது. அந்தப் பணத்தை வைத்துக்கொண்டு தினமும் ஓடுங்கள், நாளிதழ் படியுங்கள், நண்பர்களோடு விவாதம் செய்யுங்கள். அழைப்பு வந்ததும் போகும்போது ரயில் டிக்கெட்டைப் பத்திரமாக வைத்திருங்கள், அந்த நுழைவுக்கு முதல் முறை வருகிறவர்களுக்குப் பயணப்படி கொடுக்கிறார்கள்.