கைக்குழந்தையை வைத்துக்கொண்டு ஒரு பெண் படம் இயக்க முடியுமா? பிரெஞ்சு இயக்குநர் ஆக்னஸ் வர்தா எப்படிச் சமாளித்தார்?

முடியும். ‘பெண் நினைத்தால் எதுவும் முடியும்’ ரகப் பேச்சு வேண்டுமென்றால் மற்ற பதில்களைப் படித்துக்கொள்ளுங்கள். உங்கள் குழந்தைக்கு ஒரு வயதுகூட ஆகியிருக்காது. கேமராவை மூட்டை கட்டச் சொல்லி வீட்டில் யாரோ ஆரம்பித்திருப்பார்கள். கேள்வியைப் பார்த்தாலே தெரிகிறது.

வர்தா, மூத்த மகள் வயிற்றில் இருக்கும்போதே பாரிஸின் மூஃப்தார் தெருச் சந்தையில் குறும்படம் எடுத்தவர். 1972இல் மகன் மத்தியூ பிறந்தபோது அவருக்கு 44 வயது. இந்த முறை வீட்டை விட்டுத் தூரம் போக முடியவில்லை. ஜெர்மன் தொலைக்காட்சிக்கு ஒரு படம் எடுக்க வேண்டியிருந்தது. தாகெர் தெருவிலிருந்த தன் வீட்டு மின்பெட்டியிலிருந்தே கேபிள் இழுத்தார். நூறு மீட்டர்கூட இருக்காது. அது எட்டிய வரைதான் படப்பிடிப்பு. ரொட்டிக்கடை, கறிக்கடை, தையல்காரர், கடிகாரம் பழுது பார்ப்பவர், சென்ட் விற்கும் வயதான தம்பதி. ‘தாகெரியோடைப்’ என்ற அந்தப் படம் முழுக்க இவர்கள்தான்.

என் கதைக்கு வருகிறேன். கல்யாண வீடியோ எடுக்கும் ஒரு ஸ்டூடியோவில் நான் இரண்டாவது கேமரா. மகள் பிறந்ததும் வெளியூர் முகூர்த்தங்களுக்குக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். ‘வராதே’ என்று யாரும் சொல்லவில்லை. வாட்ஸப் குரூப்பில் தேதி போடும்போது என் பெயர் இருக்காது, அவ்வளவுதான். வீட்டிலிருந்தே எடிட்டிங் செய்யச் சொன்னார்கள், பாதிக் காசுக்கு.

அந்த நாட்களில்தான் இந்தப் படத்தைப் பார்த்தேன். உற்சாகமெல்லாம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. அந்தம்மாவுக்குச் சொந்தமாகத் தயாரிப்புக் கம்பெனி உண்டு, கணவர் ழாக் தெமியும் பெயர்பெற்ற இயக்குநர். (இதைச் சொல்லத்தான் பின்னூட்டத்துக்கு வருகிறீர்கள் என்றால் வேண்டாம், நானே சொல்லிவிட்டேன்.) ஆனாலும் எங்கள் வீட்டுக்கு எதிரே இருக்கும் மாவு மில் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. ஒருநாள் கேமராவோடு போய் நின்றேன்.

“என்னம்மா, யூட்யூபுக்கா?” என்றார் மில்கார அண்ணன்.

“தெரியலண்ணா.”

“அப்ப சரி, எடு.”

மில் ஓடினால் பேச்சு எதுவும் பதிவாகாது. அதனால் அவர் பேசிய பகுதியெல்லாம் கரண்ட் போன நேரத்தில் எடுத்தது. மாமியார் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு எங்கள் வாசலில் நிற்பார். பசித்து அழுதால் கையைக் காட்டுவார், நான் ஓடுவேன். மிளகாய் அரைக்கும் நாளில் அந்தப் பக்கமே போகமாட்டேன். படம் எங்கள் ஊர்க் குறும்பட விழா ஒன்றில் ஓடியது. பரிசு இல்லை. மில்கார அண்ணன் மட்டும் கடையைச் சாத்திவிட்டுக் குடும்பத்தோடு வந்து பார்த்தார்.

‘மாமியார் வாய்த்தவள் பேசுகிறாள்’ என்பீர்கள். உண்மைதான், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். இல்லையென்று நான் சொல்லவே இல்லை.

காசு வருமா என்று கேட்காதீர்கள். வர்தாவுக்கே 1966இல் ‘லே கிரேயத்தூர்’ படுத்துவிட்டது. நாயகி பெரிய நட்சத்திரமான காத்தரீன் தெனவ், அப்படியும் ஓடவில்லை. பிற்காலத்தில் அந்தப் படச்சுருளையே சுவராகத் தொங்கவிட்டு ஒரு குடிசை கட்டிக் கண்காட்சியில் வைத்தார். கல்யாண வீடியோவில் அந்த வசதியும் கிடையாது. ஆல்பத்துக்குப் போட்டோ தேர்வு செய்து தரச் சொன்னால் கல்யாண வீட்டார் வருஷம் போனாலும் தரமாட்டார்கள், ‘ஆல்பம் வரட்டும்’ என்று மீதிப் பணமும் தரமாட்டார்கள். மண்டபத்துக்கும் சமையலுக்கும் அன்றைக்கே எண்ணிக் கொடுப்பவர்கள்தான் இவர்கள்! எடிட்டருக்கு வீட்டு வாடகை இல்லையா?

1985இல் வெனிஸ் திரைப்பட விழாவின் உயரிய விருதான தங்கச் சிங்கத்தை வாங்கியபோது வர்தாவின் மகனுக்குப் பன்னிரண்டு வயது. வீடு வாசல் இல்லாமல் திரியும் ஒரு பெண் குளிரில் விறைத்துச் சாகிற கதைதான் விருது வாங்கிய அந்தப் படம். இப்போது அதைப் பார்க்காதீர்கள், பிள்ளை பெற்ற உடம்புக்குத் தாங்காது. தாகெர் தெருப் படத்தில் ஆரம்பியுங்கள். லிங்க் கேட்டு மட்டும் இன்பாக்ஸுக்கு வராதீர்கள்.